சுவரிலிருந்து ஒரு சாண்

"அந்தக் கதவைத் திறக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? உள்ளே தூசி போயிடும்!"

கணவரின் அதட்டலில் அவள் அலமாரிக் கதவைச் சட்டென்று மூடினாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீல விளக்கு மட்டும் மினுங்கியது.

"தூசி போகாத இடத்துக்குக் காத்தும் போகாதுங்க. போன வாரம் தொட்டுப் பாத்தேன், அடுப்பு மாதிரி கொதிச்சுது. கதவைக் கழட்டிடலாம், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைக்கலாம்னு நானும் தலைபாடா அடிச்சுக்கறேன்."

"ஆம்ப்ளிஃபையர்னா சூடாத்தான் இருக்கும். அது என்ன ஃப்ரிட்ஜா? நீ பாட்டை மட்டும் போடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

பாட்டைத் தேடுவது, கைபேசியிலிருந்து போடுவது, சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் அவள் வேலை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வது அவர் வேலை. அவருக்குத் 'தங்கக் காது' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவரும் அவரேதான்.

அன்று மாலை நற்செவி சங்கத்தார் வருகிறார்கள். யார் வீட்டில் பாட்டு மாசு மருவில்லாமல் கேட்கிறதோ, அவரே அடுத்த தலைவர். அந்தத் தலைவர் நாற்காலியைத் தங்கக் காது கனவில்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

"இன்னிக்கு ஏதாவது சொதப்பினா அதுக்கு நீதான் காரணம்" என்றார் முன்ஜாக்கிரதையாக.

இப்போதைய தலைவரான பல் டாக்டரும், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜரும் வந்தார்கள். அலமாரிக்கு இருபுறமும் ஆளுயரத்துக்கு நின்ற ஸ்பீக்கர்களைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு வயலின் மெல்லக் கிளம்பியது.

"சத்தம் கொஞ்சம் கம்மியோ?" என்றார் மேனேஜர்.

"பக்கத்து வீட்ல குழந்தை தூங்குது சார்" என்றாள் அவள்.

"மெதுவாக் கேட்டாத்தான் ஆழம் தெரியும்" என்றார் தங்கக் காது. "அலற விடறதுக்கு இதென்ன பஸ் ஸ்டாண்டா? இந்த வாரம்தான் சத்தம் நல்லாப் பழுத்து வந்திருக்கு."

டாக்டர் சொத்தைப் பல்லைக் கண்டவர்போல முகத்தைச் சுளித்தார். "இடது ஸ்பீக்கர் பேசுது. வலது முனகுது. எங்கேயோ அடைக்குதே!"

தங்கக் காதின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மனைவியை முறைத்தார். அவள் டீக் கோப்பைகளை நீட்டியபடி, ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்:

"சூட்டுனால இருக்குமோ டாக்டர்? மூடின அலமாரிக்குள்ள காத்து போக வழியே இல்லை..."

"அதேதான்! நான் சொல்ல வாயெடுத்தேன், நீங்க சொல்லிட்டீங்க!" டாக்டர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "ஆம்ப்ளிஃபையரைச் சுவரோட ஒட்டி வெச்சிருக்கீங்களே சார்! வாயையும் மூக்கையும் பொத்திட்டுப் பாடுன்னா எப்படிப் பாடும்? இழுங்க!"

மூவருமாக அலமாரியைப் பிடித்து இழுத்தார்கள். அது பூப்போல வந்துவிட்டது.

"இன்னும் கனமா இருக்கும்னு நினைச்சேன்" என்றார் மேனேஜர்.

"நல்ல மரம் அப்படித்தான் சார்" என்றார் தங்கக் காது.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங்! வலது முழிச்சுக்கிச்சு!" டாக்டர் கை தட்டினார். "இப்ப கதவு. அதையும் திறந்துடணும்."

அவர் கண்ணாடிக் கதவை நோக்கிக் கையை நீட்ட, அவள் குறுக்கே புகுந்தாள். "நீங்க உக்காருங்க டாக்டர். கீல் கழண்டிருக்கு. நானே திறக்கறேன்."

"சரி. எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. இனிமே காதாலதான் பாக்கணும்" என்றார் டாக்டர்.

மூன்று பேரும் பக்தியோடு கண்ணை மூடினார்கள். அவள் கதவைத் திறந்தாள். வயலின் முன்னிருந்த மாதிரியேதான் அழுதது.

"அடடா!" என்றார் டாக்டர்.

"ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர்.

"காத்துக்கு மரியாதை குடுத்த வீட்டுக்குத்தான் தலைவர் பதவி. சார், நாற்காலி உங்களுக்கு!" டாக்டர் கண்ணைத் திறக்காமலே அறிவித்தார்.

தங்கக் காதும் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்களோடு ஏற்புரை நிகழ்த்தினார்: "ஆம்ப்ளிஃபையருக்கு மூச்சு விட இடம் குடுக்கணும்னு நானும் வீட்ல ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கேன். யார் கேக்கறாங்க? நாளைக்கே இந்தக் கதவைக் கழட்டறேன். இனிமே அலமாரி சுவர்ப் பக்கம் போகக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் நிம்மதியாகக் கோப்பைகளைக் கழுவப் போனாள். கேட்டது கிடைத்துவிட்டது. யார் பெயரில் கிடைத்தால் என்ன?

சமையல் மேடையில் இருந்த அவள் கைபேசி அதிர்ந்தது. ஹாலில் வயலின் நின்றது. ஈரக் கையோடு, பழக்க தோஷத்தில், பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள். காதில் ஒன்றும் கேட்கவில்லை. குரல் ஹாலில், திறந்த அலமாரிக்குள்ளிருந்து கணீரென்று வந்தது:

"அக்கா, மெக்கானிக் பேசறேன். உங்க ஆம்ப்ளிஃபையர் ரெடி. காத்தில்லாம உள்ளே வெந்து போயிருந்துச்சு, சரி பண்ணிட்டேன். வந்து எடுத்துக்குங்க. வரும்போது ஒரு வாரமா நீங்க அலமாரியில வெச்சு ஓட்டிட்டிருக்கற என்னோட குட்டி ப்ளூடூத் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொண்டாந்துடுங்க."

அவள் கோப்பையை நழுவவிட்டு ஹாலுக்கு ஓடி வந்தாள். மூவரும் கண்ணை மூடியபடியே இருந்தார்கள்.

"என்ன தெளிவு!" என்று உருகினார் டாக்டர். "ஆளே நேர்ல நின்னு பேசற மாதிரி இருக்கு!"