அடுத்த கோச் ஆர்?

"சவுத்தோலில இருக்கிற அந்த ஆளைத்தான் அடுத்த கோச்சாப் போடப் போறாங்கள் எண்டு ஒரு கதை அடிபடுது, மாஸ்ரர்."

பாலேந்திரா ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். லண்டன் செவன் கிங்ஸ் வீட்டின் முன்னறையில், தலையணைகளில் சாய்ந்திருந்த செபஸ்தியாம்பிள்ளை மாஸ்ரரின் முகம் உடனே சுருங்கியது.

"அவனோ? முன்னுக்கு அடிக்கிறதைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்? பின்னுக்கு நிக்கிற நாலு பேரும் வெயில் காயிறதோ?"

பாரிசவாதம் அவருடைய வலப்பக்கத்தை எடுத்திருந்தது. பேச்சுக் கொஞ்சம் குழறியது. கோபம் குழறவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் லண்டனில் ஒன்றுசேர்ந்து, தங்கள் பிள்ளைகளை வைத்து, கல்லூரியின் பெயரிலேயே உருவாக்கிய உதைபந்தாட்ட அணி அது. தொடங்கிய நாளிலிருந்து மாஸ்ரர்தான் தலைமைப் பயிற்சியாளர். மனேஜர் பாலேந்திரா. மாஸ்ரர் படுக்கையில் விழுந்த பிறகு அந்த இடத்துக்கு யார் வரப்போகிறார் என்பதுதான் ஞாயிறுதோறும் இந்த அறையில் பேச்சு.

"எங்களிட்டப் பழகின சஞ்சயனை ஒருத்தரும் கேக்கேல்லையோ?" என்றார் மாஸ்ரர்.

"கேட்டவை. பொடியளுக்கும் அவனிலதான் விருப்பம். கொமிற்றிக்குள்ள ரண்டு பேர் மறிக்கினம்."

"ஏனாம்?"

"கோவக்காரனாம். றெஃப்ரியோட கொழுவுவானாம்."

"கோச் எண்டா கொழுவத்தான் வேணும். நான் கொழுவேல்லையே?"

"நீங்கள் கொழுவிக் கொழுவித்தானே அவை இப்ப பயப்பிடுகினம்."

மாஸ்ரர் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். பாலேந்திராவும் சிரித்தார். அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மாஸ்ரரின் மனைவி அருள்மலர் அந்தச் சிரிப்பைக் கேட்டு முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கனடாவில இருந்து ஒருத்தர் வாறார் எண்டும் கதைக்கினம்."

"ஆர் அது?"

"பேரை வெளியால விடுகினமில்லை."

"பேரில்லாத கோச்சோ? விசர்க்கதை. அதைவிட எங்கட ரீமில விளையாடின றஜீவைக் கேக்கச் சொல்லு. முழங்கால் போனா என்ன, மூளை இருக்கே."

பாலேந்திரா நிமிர்ந்தார். "இதை ஒருத்தரும் யோசிக்கேல்லை மாஸ்ரர். றஜீவ் ஓம் எண்டுவானோ?"

"நீ போய்க் கேட்டாத்தானே தெரியும். வாற ஞாயிறு வந்து என்ன சொன்னவன் எண்டு சொல்லு. கட்டாயம் வரவேணும், பாலா. நீ வந்து சொல்லாட்டி எனக்கு இஞ்ச கிடந்து ஒண்டும் தெரியாது."

"வாறன் மாஸ்ரர்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் எழுந்தார். வாசலில் அருள்மலர் ஒரு பையைக் கையில் கொடுத்தார்.

"இடியப்பமும் சொதியும். தவநாயகி எழும்பிச் சமைக்கிறாவோ?"

"இல்லையக்கா. மனிசி இன்னும் படுத்தபடிதான்."

"அவவையும் எழுப்பி ரண்டு வாய் சாப்பிட வையுங்கோ."

அவர் தலையாட்டினார். அருள்மலர் முன்னறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எத்தனை நாளைக்கு இப்பிடிப் பொய் சொல்லுறது? கலைஞ்சுபோன ரீமுக்குக் கோச் தேடுறம். எனக்குப் பயமாக் கிடக்கு."

"ரீம் இல்லாமப் போனது மாஸ்ரருக்குத் தெரிய வேண்டாம் அக்கா. கேட்டா அவர் தாங்க மாட்டார். நீங்களும் பாக்கிறியள்தானே, இந்தக் கதை கதைக்கேக்க மட்டும்தான் அவற்ற முகத்தில உயிர் வருது."

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாலேந்திரா பையை ஜாக்கெட்டுக்குள் அணைத்துக்கொண்டு, பேருந்துத் தரிப்பிடத்தைத் தாண்டி இல்ஃபோர்ட் பக்கமாக நடந்தே போனார். வீட்டுக்குப் போக அவசரப்படுகிற ஆளின் நடையாக அது இல்லை.

அருள்மலர் உள்ளே வந்தபோது மாஸ்ரர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலா போயிட்டானோ?"

"ஓம்."

அருள்மலர் கட்டில் விளிம்பில் அமர்ந்து அவருடைய வாயோரத்தைத் துடைத்துவிட்டார். துவாயைக் கீழே வைக்காமல் கையிலேயே மடித்துக்கொண்டிருந்தார். அன்று காலை பூசையில் இருந்தபோதே சொல்லிவிடுவதென்று நினைத்திருந்தார்.

"இஞ்சருங்கோ, ஒரு விசயம் சொல்லவேணும். பாலாவோட கோவிக்கக்கூடாது. அவர் உங்களுக்காகத்தான்..."

"ரீம் கலைஞ்சதைச் சொல்லப்போறீரோ?"

அருள்மலர் துவாயைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியும். நீர் ஒருநாள் பூசைக்குப் போயிருக்கேக்க சஞ்சயன் வந்தவன். இந்தக் கட்டில்சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதவன். எல்லாம் சொன்னவன்."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும்..." அருள்மலர் கட்டிலை விட்டு எழுந்தார். "அப்ப ஏன் கிழமைக்குக் கிழமை அடுத்த கோச் ஆர், கோச் ஆர் எண்டு அந்த மனிசனைப் போட்டு உலுப்புறியள்?"

மாஸ்ரர், குழறாமல் இருக்க ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"தன்ர ஒரே மகனை எரிச்சுப்போட்டு வந்த நாளில இருந்து பாலா வாய் திறந்து கதைக்கிறது இந்த ஒரு கதைதான், மலர். கோச் ஆரெண்டு முடிவாப்போச்செண்டா, அவன் பிறகு என்னத்தைக் கதைக்கப்போறான்?"