கிளாரினெட் இங்கே என்ன விலை?

இசைக்கருவிக் கடையின் கண்ணாடி மேசை மீது அப்பா கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு வைத்தார். மறுமுனையில் வெளிநாட்டுக்குப் போன மகன்; ஆறு வருடமாக வீட்டுக்கு வரவில்லை.

"என் கிளாரினெட் உடைஞ்சிருச்சுன்னு இவன்கிட்டச் சொன்னேன். புதுசு விலையை நீங்களே சொல்லுங்க" என்றார் கடைக்காரரிடம்.

"அங்க விக்கிறதுக்கு ரெண்டு மடங்கு தம்பி. இறக்குமதி வரி, கப்பல் கூலி, நடுவுல ரெண்டு ஏஜென்ட்டு. எல்லாம் விலை மேலதானே ஏறும்?"

"அநியாயமா இருக்கே! அப்பா, நான் பார்சல்ல அனுப்பிடுறேன்."

"பார்சலுக்கும் வரி போடுவாங்கப்பா. கையில கொண்டு வந்தாத்தான் உண்டு."

அப்பா மேசைக் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சரிப்பா. அடுத்த மாசம் லீவு போட்டு நானே கொண்டு வர்றேன்."

பேச்சு முடிந்ததும் கடைக்காரர் கேட்டார். "ஏங்க, பழசு உடைஞ்சதும் போன மாசமே என்கிட்டப் புதுசு வாங்கிட்டீங்களே?"

"அவன் வர்றதுக்குள்ள அதைப் பீரோவுல வச்சுப் பூட்டணும்."

"ரெண்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

அப்பா கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவன் கொண்டு வர்றது என்னிக்காவது ரிப்பேர் ஆகும்ல? உதிரி பாகமும் இங்க விலை ஜாஸ்திதானே? அதையும் அவன்தானே கொண்டு வரணும்?"