பூத்துண்டு

"ஏம்மா, கம்பெனி சோப்பை அறுத்தா விக்கிறே?"

இலுப்பூர்ச் சந்தையே திரும்பிப் பார்த்தது. கேட்டவர் செல்லமுத்து, சீமைச் சோப்புக் கம்பெனியின் ஏஜெண்டு. கொளுத்துகிற வெயிலில் கோட்டு வேறு போட்டிருந்தார்.

கடைக்காரி பொன்னுத்தாய் அசரவில்லை. ரோஜாப்பூ பதித்த வாசனைச் சோப்பைப் பித்தளைக் கம்பியால் மூன்றாக அறுத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அக்கா, பூ இருக்குற நடுத்துண்டு இந்தச் சந்தைக்கு என் முறை. மறந்துறாதீக" என்றாள் களையெடுப்புக்குப் போகும் செவந்தி.

"ஒனக்குத்தான்டி. ஏஜெண்டய்யா, அறுத்துத்தான் விக்கிறேன். அதுக்கு என்னங்க இப்ப?"

"கம்பெனி மானம் போகுது! முழுசா வாங்க வக்கில்லாதவளுக்கு வாசனைச் சோப்பு எதுக்கு? இனிமே ஒனக்குச் சரக்குக் கிடையாது." சோப்புப் பெட்டியைத் தூக்கப் போனார்.

சரக்கு நின்றால் கடை படுத்துவிடும். பொன்னுத்தாய் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"கூலிக்குப் போறவ மடியில நாலஞ்சு அம்மன் காசுதான் இருக்கும். அதுக்காக அவளுக்கு மூக்கு இல்லாமப் போயிருமா?"

"சீமையில இதே சோப்பு ஒரு கைக்கு அடங்காது, தெரியுமா? நம்ம ஜனங்க வரும்படிக்குத் தக்கனதான் கம்பெனியே சின்னதாப் பண்ணி அனுப்புது. அதையும் நீ அறுக்கிறே!"

பொன்னுத்தாய் சிரித்துவிட்டாள்.

"அப்ப மொதல்ல அறுத்தது ஒங்க கம்பெனிதானே? சீமைக்காரன் அறுத்தா வியாபாரம், நான் அறுத்தாத் திருட்டா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பொன்னுத்தாய் விடவில்லை.

"இன்னொண்ணும் கேக்குறேன். இம்புட்டு வாசனைச் சோப்பு விக்கிறீங்க, ஒங்க மேல மட்டும் ஏன் வெறும் துணி தொவைக்கிற சவுக்கார வாடை அடிக்குது?"

அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிறகு கோட்டுப் பையைத் துழாவினார்.

"அக்கா, அந்தப் பூத்துண்டை எனக்குக் குடுங்க" என்றார் மெல்ல. "வீட்டுல ரொம்ப நாளாக் கேக்குறா. கம்பெனி குடுக்கிற சம்பளத்துல முழுசு வாங்க எனக்கும் கட்டுபடியாகல."

பொன்னுத்தாய் ஓரத்துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அது செவந்தி முறைங்க. ஒங்களுக்கு அடுத்த சந்தை."