வளைவில் கிடந்த மரம்

"இன்னாய்யா சொல்ற? லாரி கூடவா கீழ போவாது?"

கரியாலூர் பங்களாவின் வராந்தாவில் நின்று கத்தினார் இன்ஸ்பெக்டர் கந்தசாமி.

"மூணாவது வளைவுல மரம் குறுக்கால கெடக்குதுங்க ஐயா. ராவோட ராவா எவனோ வெட்டிப் போட்டுட்டான். லாரிக்காரன் திரும்பி வந்துட்டான்" என்றான் வாட்ச்மேன் வேடியப்பன்.

"மலை மேலயும் ஏறிட்டானுங்களா!"

அது எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கி இரண்டாவது நாள். கீழே கள்ளக்குறிச்சிச் சாலைகளில் புளியமரங்கள் சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை. விடுப்பில் இருக்கும் போலீஸார் உடனே பணிக்குத் திரும்ப வேண்டும் என்று நேற்று மாலை ரேடியோவில் சொன்னதிலிருந்து கந்தசாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மஞ்சள்காமாலைக்காக ஒரு மாத மருத்துவ விடுப்பில் இருந்தவர் அவர். உடம்பு கொஞ்சம் தேறியதுமே மனைவி அம்சவள்ளி ஆரம்பித்துவிட்டாள். "நம்ம புள்ள பகலவனும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்ட்டான். நாமளும் நாலு பழைய எடத்தைப் பாத்துட்டு வரலாங்க."

இருபது வருஷத்தில் எங்கேயும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்காதவள். ரிஷிவந்தியம் கோயிலில் ஒரு தூண் விடாமல் நின்று பார்த்தாள். ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்று அவர் சொல்லியும் கேட்காமல், வெள்ளைக்காரன் கட்டிய இந்த பங்களாவில் தங்கியே ஆகவேண்டும் என்றாள். கனத்த கல் சுவர், ஆள் உயர ஜன்னல்கள், நடந்தால் எதிரொலிக்கும் கூடம். நேற்று ராத்திரி முழுக்க அந்தக் கூடத்தில் நடந்துகொண்டேதான் இருந்தார் கந்தசாமி.

"உக்காருங்களேன். டீ ஆறிப்போவுது" என்றாள் அம்சவள்ளி. "மரத்தை எடுத்தா போவலாம். அதுக்குள்ள ஜாகீர்தாரு வூட்டைப் பாத்துட்டு வந்துடலாம். ரொம்பப் பழைய வூடாம்."

"ஊரே பத்திக்கினு எரியுது. நான் இடிஞ்ச செவுத்தைப் பாக்கணுமா?"

"நீங்க ஒருத்தர் போய்த்தான் அணைக்கணுமா? இத்தினி போலீசு இல்ல?"

"என் ஸ்டேஷன்ல இருக்கறது பதினாலு பேரு. எனக்குப் பதிலா நிக்கறவன் புது எஸ்.ஐ. கூட்டத்தையே பாத்ததில்ல. நானா இருந்தா பேசி உக்கார வெச்சுடுவேன். அவன் பயந்துடுவான் அம்சா. பயந்தவன் கையில துப்பாக்கி இருந்தா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாது."

அம்சவள்ளி கையிலிருந்த டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

கந்தசாமி ஷூவை மாட்டினார். "நடந்தே எறங்கறேன். அடிவாரத்துல கச்சிராயபாளையம் போய்ட்டா எவன்கிட்டயாவது சைக்கிள் கெடைக்கும். வேடியப்பா, நீ வா. குறுக்கு வழி இருந்தா காட்டு."

"ஒடம்பு தாங்காதுங்க..." என்று எழுந்தவளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வளைவை அடைவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. மரம் சாலையை முழுதாக அடைத்துக் கிடந்தது. தாண்டப் போனவர் சட்டென்று நின்றார். குனிந்து அடிமரத்தைப் பார்த்தார். சுற்றிலும் ஈரமண்ணில் பதிந்திருந்த காலடிகளைப் பார்த்தார். பிறகு வேடியப்பனின் பாதங்களைப் பார்த்தார்.

"மறியல்காரனுங்க வந்தா பத்து இருபது பேரா வருவானுங்க. இங்க வெட்டினது ஒரே ஆளு. அதுவும் செருப்பில்லாத காலு."

வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரு சொல்லி வெட்டின? எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லீங்க ஐயா. காஞ்சு நின்ன மரந்தான். அம்மா அழுதாங்க... மனசு கேக்கலை."

"எந்த அம்மா?"

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

குரல் பின்னாலிருந்து வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வியர்வை வழிய, ஓடி வந்திருந்தாள் அம்சவள்ளி.

"நாந்தாங்க வெட்டச் சொன்னேன். நேத்து ரேடியோவுல சொன்னதும் கெஞ்சிக் கேட்டுக்கினேன்."

கந்தசாமி மரத்தைக் காட்டிக் கத்தினார். "உனக்கு இன்னா பைத்தியமா? நாலு பழைய கட்டடத்தைப் பாக்கறதுக்காக ரோட்டையே மறிப்பியா?"

"கட்டடத்தைப் பாக்க யாருங்க வந்தது? மறியலு ஆரம்பிக்கறதுக்குள்ள உங்களைக் கீழேர்ந்து கூட்டியாந்துடணும்னுதான் கோயிலு, பங்களான்னு கெளப்பினேன். லத்தியோட நீங்க அங்க நிக்கக் கூடாதுன்னு இருந்தேன். அந்த எஸ்.ஐ.யைப் பத்தி நீங்க சொன்னதும்தான் நான் செஞ்சது எவ்ளோ பெரிய தப்புன்னு புரிஞ்சுது."

அவள் அவர் தோளைப் பிடித்து மரத்தின் மறுபக்கம் தள்ளினாள்.

"ஓடுங்க. நம்ம பகலவன் ஹாஸ்டல்ல இல்லீங்க. எனக்குக் கடுதாசி போட்டிருந்தான்... உங்க ஸ்டேஷனுக்கு எதிர்லதான், மொத வரிசையில உக்காந்திருக்கான்."