ஒட்டு விழுந்த தாள்

"இது எங்கப்பா எழுத்து இல்லக்கா. நீங்களே பாருங்க."

மில்லில் எல்லோரும் 'மீசை' என்று கூப்பிட்டவரின் மகள் ஒரு பழுப்பேறிய தாளைச் சங்க ஆபீஸ் மேஜைமேல் வைத்தாள்.

அவளுக்குக் காகித மில்லில் கழிவுத் தாள் பிரிக்கிற வேலை. கூழாக்குவதற்காக நிர்வாகம் பழைய ஃபைல்களை மூட்டை மூட்டையாக அனுப்பியிருந்தது. அதற்குள் கிடந்திருக்கிறது, நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய மொட்டைக் கடுதாசி.

சங்கச் செயலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இந்தக் கடுதாசியைப் பற்றி அவள் கேட்டு வளர்ந்தவள். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சங்கம் பிறந்த கதை மில்லில் எல்லோருக்கும் மனப்பாடம். மரக்கூழ்க் கிடங்கில் ரகசியமாக முதல் கூட்டம். அதை நிர்வாகத்துக்கு யாரோ எழுதிப் போட்டார்கள். கம்பும் கட்டையுமாக அடியாட்கள் வந்தார்கள். நாலு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் செயலாளரின் அப்பா. அப்போது அவளுக்கு எட்டு வயது.

வருஷா வருஷம் நினைவு நாளில் கொடியேற்ற அவள் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கும் வருஷா வருஷம் சொல்லி வைத்தாற்போல் அன்றைக்குத்தான் கால் வலி வரும்.

செத்த நாலு பேரும் இரண்டாம் மிஷின் ஆட்கள். அந்த மிஷினில் மொத்தமே ஐந்து பேர். ஐந்தாவது ஆள் மீசை. அன்றைக்குப் பார்த்து அவர் வர நேரமாகிவிட்டது. கடுதாசியைப் பார்த்த குமாஸ்தா, இடது கையால் கிறுக்கியது மாதிரி இருந்தது என்று வெளியே சொல்லிவிட்டார். மீசை இடது கைக்காரர். போதாதா?

அதன் பிறகு சாகும்வரை மீசையிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாவுக்கும் சங்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை போகவில்லை. போகக் கூடாது என்று சொன்னதே செயலாளர்தான்.

இப்போது சங்கத்தின் வரலாறு புத்தகமாக வரப்போகிறது. நாளைக்கு அச்சுக்குப் போகிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் மீசை துரோகி. அதை எழுதியதும் அவள்தான். அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லி மீசையின் மகள் ஒரு மாதமாக நடையாய் நடக்கிறாள்.

செயலாளர் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். மில்லில் வேலை பார்ப்பவர்கள் எந்தத் தாளையும் முதலில் அப்படித்தான் பார்ப்பார்கள். படிப்பதெல்லாம் பிறகு.

மூலையில் பொட்டு அளவுக்கு ஒரு வெளிறல்.

அந்த வருஷம் இரண்டாம் மிஷினில் கூழை வடித்துத் தாளாக்குகிற கம்பி வலை கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். புது வலை வரும்வரை அந்த ஒட்டு தாளில் தப்பாமல் விழுந்தது. ஒட்டு விழுந்த தாள் விலைக்குப் போகாது. அந்த மிஷின்காரர்களே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு நோட்டு தைத்துக் கொடுத்தார்கள்.

"ஒட்டு தெரியுதா? ரெண்டாம் மிஷின் தாள். செத்தவங்களா எழுதிப் போட்டாங்க?"

மீசையின் மகள் தாளை எட்டிப் பார்த்தாள். செயலாளருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. மறைப்பானேன்.

அதற்குப் பிறகுதான் படித்தாள். எழுத்து குண்டு குண்டாக, கோணல் மாணலாக இருந்தது.

'வெள்ளிக்கிழமை காலை மரக்கூழ்க் கிடங்கில் கூடுகிறார்கள். அதற்கு முன்னாலேயே கதவைப் பூட்டிவிடுங்கள். யாரும் உள்ளே போகக் கூடாது. யாருக்கும் அடிபடக் கூடாது.'

கடைசி இரண்டு வரியை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. காட்டிக்கொடுக்கிறவன் இப்படியா எழுதுவான்?

பழக்கதோஷத்தில் கை தாளைச் சாய்த்தது. நேரே பிடித்தால் தாளின் உள்ளே இருப்பது தெரியும். சாய்த்துப் பிடித்தால் மேலே இருக்கிற மேடு பள்ளம் தெரியும்.

வரிகளுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக ஏதோ இருந்தது. நோட்டில் இதற்கு முந்தின பக்கத்தில் யாரோ பென்சிலை அழுத்தி எழுதியது, இந்தப் பக்கத்திலும் பதிந்திருந்தது.

வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாடு.

7 x 8 = 54.

அந்தத் தப்பை அப்பா எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். "ரெண்டு குறைச்சு எழுதியிருக்கா. சம்பளம் போடுற ஆபீசுல என் மகளுக்குத்தான் வேலை."

செயலாளர் தாளை மேஜைமேல் வைத்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குண்டு எழுத்தை மறுபடி பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

"என்னக்கா? யார் எழுத்துன்னு தெரியுதா?"

மீசையின் மகள் தண்ணீர் எடுத்து நீட்டினாள். செயலாளர் அதை வாங்கவில்லை.

"எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்றாள். "சின்ன வயசுல இருந்து, அவங்க சொல்லச் சொல்ல, என்ன ஏதுன்னு புரியாம, நான்தான் எழுதிக் கொடுப்பேன்."