சிவப்புக் கல்

இரண்டு பட்டாளங்களின் சண்டை ஓயாத ஒரு நாட்டில், ஒரு பட்டாளத்துக்குப் பொதி சுமந்து முதுகெல்லாம் புண்ணான கழுதை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு குன்றின் மேல் ஓடியது. கண்ணிவெடி புதைந்திருக்கும் இடத்தில் கல்லுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைப்பது அந்த நாட்டு வழக்கம். உச்சியில் அப்படி ஒரு கல்லைப் பார்த்ததும் கழுதை எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது.

"பயப்படாம வா. எனக்குக் கீழ இருக்கிறது வெடி இல்ல, செம்பு! இந்தக் குன்று பூரா செம்பு!" என்று அலட்டிக்கொண்டது கல். "கண்டுபிடிச்ச ஆபீசர் வெளிநாட்டுக்காரன், இங்கத்து வழக்கம் தெரியாது. அடையாளத்துக்குச் சிவப்பை அடிச்சுட்டு, டப்பாவையும் இங்கயே போட்டுட்டுப் போனான். அப்புறம் தோண்ட வந்த ஆளுங்க என்னைப் பார்த்ததும் எடுத்தாங்க பாரு ஓட்டம்!"

கழுதை சுற்றிலும் பார்த்தது. யார் வாயும் படாத புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது; ஒரு வாய் கடித்துக்கொண்டது.

"நீயாவது போய் உண்மையைச் சொல்லேன். இந்த நாட்டுக்கே விடிவுகாலம் வந்துடும்," என்று கெஞ்சியது கல்.

"சொன்னா யார் வருவாங்க?"

"முதல்ல ரெண்டு பட்டாளமும் வரும்."

"செம்பை யார் சுமக்கிறது?"

"கழுதைங்கதான்."

கழுதை வாயில் இருந்த புல்லை நிதானமாக மென்று விழுங்கியது. பிறகு டப்பாவின் மூடியை உதைத்துத் திறந்து, வாலை நன்றாக முக்கி, பக்கத்துக் கல்லுக்கும் சிவப்பு அடிக்க ஆரம்பித்தது.