மாற்று மாமன்

கோவில்பட்டி ஹாக்கி அணி, எதிரணியில் ஒருவன் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்தால் புலி. பதினொருவருக்குப் பதினொருவர் நின்றால் பூனை. இந்தச் சீக்கைத் தீர்க்கத்தான் பயிற்சியாளர் கோயில்பிச்சையின் காதில், ஆட்டங்களை அலசி யோசனை சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை மாட்டினார்கள்.

ஒரே மாதத்தில் அது மருந்து சொன்னது. பின்களத்துப் பேச்சிமுத்துவும் அவன் மனைவியின் அண்ணன், நடுக்களத்து இசக்கிராஜும் முறைத்துக்கொண்டு ஆடும்போது அணி தோற்பதே இல்லை. விருந்தில் நல்லி எலும்பு யாருக்கு என்று வந்த சண்டை அது. "இறுதிப் போட்டி வரை இருவரும் ராசியாகிவிடக் கூடாது" என்றது கருவி.

அதற்குள் பேச்சிமுத்து மகளுக்குக் காதுகுத்து வந்து தொலைத்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்தால் சண்டை தீர்ந்துவிடுமே! கருவி யோசித்து மாற்று ஆட்டக்காரரை இறக்கியது: கோயில்பிச்சை.

அவரும் வெட்கமில்லாமல் பட்டு வேட்டியில் போய்ச் சம்மணம் போட்டார். பிள்ளை அவர் மீசையைப் பார்த்து வீறிட்டு, வேட்டியையும் நனைத்தது.

"வெற்றி வாய்ப்பு தொண்ணூற்றொரு சதவீதம்" என்றது கருவி.

பிள்ளையின் தாய் மாரிக்கனி கண்ணைத் துடைத்தாள். "எங்கண்ணன் சீர்த்தட்டோட ஒரு மணி நேரமா வாசல்ல நிக்கான் சார். நீங்கதான் உள்ள விடக் கூடாதுன்னீங்களாம்."

"கப்பு வேண்டாமாம்மா?"

"கப்பு மடியிலயா எம்புள்ளய உக்கார வைக்க முடியும்?"

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். கோயில்பிச்சை கருவியைப் பிடுங்கி ஈர வேட்டியில் செருகிக்கொண்டு, மைதானத்தில் கத்துகிற அதே குரலில் வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே இசக்கி! ஆள மாத்துறேன், உள்ள வாலே!"